மூன்றாம் மாடி வைஃபை

மூன்றாம் மாடி
14 ஜனவரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்காலைத் தவிர நான் நலம். உன் முதுகு எப்படி இருக்கிறது? குனிந்து வேலை செய்யாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய்.

வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையைக் கேட்கிற அந்தப் பெரிய தட்டுக்கு எலக்ட்ரீஷியனாக நீ போனாலும் போனாய், எனக்குக் கைவலி வந்ததுதான் மிச்சம். போன் கூடாது, வைஃபை கூடாது, அலை விடுகிற எதுவும் அந்த வட்டாரத்தில் கூடாது என்று ஊரையே வாயடைத்து வைத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் மச்சானுக்குத் தபால்தலை ஒட்டுகிற ஒரே லிஃப்ட் மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. ஹாலில் இருக்கும் வைஃபை பெட்டி பழசாகிவிட்டதாம், ஏப்ரல் கடைசியில் வந்து மாற்றுவார்களாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயர்லெஸ் என்கிறார்கள். பெட்டிக்குப் பின்னால் எண்ணிப் பார்த்தேன், மூன்று வயர் இருக்கிறது. என் தொழிலில் கம்பி அறுந்தால் ஆள் காலி. உன் தொழிலில் கம்பியே வேண்டாம் என்கிறீர்கள், அப்புறம் எதற்கு மூன்று? ஹாலில் நாலு கோடு காட்டுகிறது, சமையலறையில் ஒன்று, குளியலறையில் ஒன்றுமே இல்லை. அலைக்குச் சமையலறை என்றால் பயமா? நேற்று நாலு கோடும் முழுசாக இருந்தது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. அது எப்படி?

இன்னொன்று. இது வீட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும்? எதிர் நடைபாதையில், ரொட்டிக்கடை வாசலில் நிற்கிற ஒருவருக்குக் கிடைக்குமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் மருமகளைப் பற்றிக் கேட்பாய். கேட்காதே. என் மகள் வீட்டை விட்டுப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன் அக்கா இறந்த இரண்டாவது வாரமே அவளுடைய தையல் மெஷினைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்தேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றாள். "இந்த வீட்டுல உன்னை என்னத்தக் கேக்கணும்?" என்றேன். துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனவள் போனவள்தான். நான் அதைப் பற்றி நினைப்பதே இல்லை.

அந்த மெஷின் வேறு கீழே இருந்துகொண்டு உயிரை வாங்குகிறது. தையல்காரம்மா யாருக்கோ சொல்லித் தருகிறாள் போல. சில நாள் நேராக ஓடுகிறது. சில நாள் நாலு அடி ஓடி நிற்கிறது, மறுபடி நாலு அடி ஓடி நிற்கிறது. தூங்கவா முடியும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்


ஆய்வுக்கூடக் குடியிருப்பு
26 ஜனவரி

அன்புள்ள அத்தானுக்கு,

என் முதுகு என்னை விட்டுவிட்டு வேறு யாரிடமாவது போனால் நிம்மதி. மற்றபடி சுகம். உங்கள் முழங்காலுக்கு மாடிப்படியைக் குறையுங்கள். லிஃப்ட் மெக்கானிக் படியேறுவதை யாராவது பார்த்தால் லிஃப்ட்டில் யாரும் ஏறமாட்டார்கள்.

உங்கள் மூன்று வயர் கணக்கு: ஒன்று கரண்ட், ஒன்று வெளியிலிருந்து இன்டர்நெட்டைக் கொண்டுவருவது, ஒன்று டிவிக்குப் போவது. வயர் இல்லாதது பெட்டிக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் மட்டும்தான். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. எல்லோரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பாதிச் சண்டை. நாலு கோடு என்பது பெட்டி உங்கள் போனுடன் நன்றாகப் பேசுகிறது என்று அர்த்தம். வெளியே இருந்து வருகிற வயரில் ஒன்றும் வரவில்லை என்றால் பெட்டிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. உங்கள் லிஃப்ட்டில் விளக்கு எரியும், பட்டன் மின்னும், ஆனால் ஆள் அங்கேயே நிற்பார் இல்லையா, அதுதான்.

சமையலறையில் ஃப்ரிட்ஜும் பாத்திரமும், குளியலறையில் ஓடும் குழாயும். உலோகமும் தண்ணீரும் அலையைத் தின்றுவிடும். மரக்கதவு, மெல்லிய சுவரெல்லாம் அவ்வளவாகத் தடுக்காது. சுவரைத் தாண்டியும் நாற்பது, ஐம்பது அடி தாராளமாகப் போகும். ரொட்டிக்கடை வாசல் சந்தேகம்தான்.

இங்கே நான் வண்டியில் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் திருட்டு அலை தேடுகிறேன். போன வாரம் தட்டுக்கு ஏதோ இரைச்சல் என்று விஞ்ஞானிகள் குழம்பிப்போனார்கள். மூன்று நாள் அலைந்து கண்டுபிடித்தேன். கேன்டீன்காரர் முழங்காலுக்குச் சுற்றியிருந்த சூடேற்றும் பட்டை. கெட்டுப்போய்ப் பொறி விட்டிருக்கிறது. அவர் அழாத குறை.

ரொட்டிக்கடை வாசலில் யாரை நிற்கவைக்கப் போகிறீர்கள்? "சும்மா" என்று நீங்கள் சொன்னால் அதில் ஏதோ இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


மூன்றாம் மாடி
8 பிப்ரவரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தான். குளிர் குறைந்திருக்கிறது. கேன்டீன்காரரிடம் என் அனுதாபத்தைச் சொல். முழங்கால்காரனுக்குத்தான் முழங்கால்காரன் கஷ்டம் தெரியும்.

நீ சொன்னதை நம்பாமல் நானே அளந்தேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசல், மாடிப்படி, கீழ்வாசல், தெரு என்று நடந்தேன். தெருவுக்கு இறங்கும்போதே ஒரு கோடு. ரொட்டிக்கடை எதிரில் ஒன்றுமில்லை. கடைக்காரி, "என்ன அண்ணே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது இதைக் கேள். கம்பெனி அனுப்பிய தாளில், பெட்டியை மாற்றுவதற்கு முன் உங்கள் வீட்டு வைஃபையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஆப்பில் சரிபாருங்கள் என்று போட்டிருந்தது. போட்டவன் நல்லா இருக்கட்டும். பார்த்தேன். என் போன், டிவி, அப்புறம் மூன்றாவதாக ஒன்று. அது எப்போதும் இருப்பதில்லை. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு வருகிறது, ஆறு மணிக்குப் போகிறது. வீட்டில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்துவிட்டேன்.

பாஸ்வேர்ட் தெரியாமல் ஒருவர் உள்ளே வர முடியுமா? வந்தால் பெட்டி ஒரு சத்தம்கூடப் போடாதா? என் லிஃப்ட்டில் ஓர் ஆள் அதிகமாக ஏறினாலே கத்தும். இந்தப் பெட்டி என்னவோ வாசலைத் திறந்து போட்டுவிட்டு மினுக்மினுக்கென்று உட்கார்ந்திருக்கிறது.

சீக்கிரம் எழுது.

உன் அத்தான்


ஆய்வுக்கூடக் குடியிருப்பு
16 பிப்ரவரி

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமே. கேன்டீன்காரர் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இனிமேல் அவருக்கு ஒத்தடம்தான்.

பெட்டி யாரையும் சும்மா விடாது. அந்த மூன்றாவது ஆளுக்கு உங்கள் பாஸ்வேர்ட் தெரியும். யாரோ எப்போதோ ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள். ஒரே தடவை போதும். அதற்குப் பிறகு அந்த போன் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். எட்டுகிற தூரத்துக்கு வந்தால் யாரையும் கேட்காமல் தானே சேர்ந்துவிடும். போன் வைத்திருப்பவருக்கே அது தெரியாமல்கூட இருக்கலாம். பாக்கெட்டிலோ பையிலோ கிடந்தாலும் சேரும்.

பிடிக்கவில்லை என்றால் வழி சுலபம். ஆப்பில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை. மாற்றிய கணமே அந்த ஆள் வெளியே.

பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் இருக்குமே. மூன்றாவதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறது? அதை நீங்கள் எழுதவில்லை. இரண்டு தாள் எழுதியவர் அந்த ஒரு வார்த்தையை விட்டது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மச்சான்


மூன்றாம் மாடி
22 பிப்ரவரி

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்க எனக்கு நேரமில்லை. பாஸ்வேர்டை மாற்று என்று இன்னொரு தடவை எழுதாதே. உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஆப் பக்கம் கையை வைக்கவே பயமாக இருக்கிறது. எங்கேயாவது பட்டு மாறிவிட்டால்?

பெயர் கேட்டாயே. "வாயாடி" என்று போட்டிருக்கிறது.

இந்த உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டவன் நான் ஒருத்தன்தான். மூன்று வயதில் லிஃப்ட்டில் ஏறியவர்களிடமெல்லாம் எந்த மாடி, எதற்குப் போகிறீர்கள் என்று விசாரித்தவள். அந்தப் பெயரை அவள் போனுக்கு வைத்திருப்பதே எனக்குத் தெரியாது. வைத்தவள் இன்னும் எடுக்கவில்லை.

முதல் தடவை பார்த்தது ஜனவரி பத்தாம் தேதி. ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில் ஒருவரும் இல்லை. நேற்று மூன்று மணிக்கே ரொட்டிக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து ஆறு மணி வரை எங்கள் கட்டட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மேலே வந்து ஆப்பைத் திறந்தால், வாயாடி, இரண்டு ஐம்பதிலிருந்து ஆறு ஐந்து வரை. நான் தெருவில் இருந்தபோது அவள் என் வீட்டு வைஃபையில் இருந்திருக்கிறாள்! மனுஷன் கண்ணுக்குத் தெரியாமல் எங்கேதான் நிற்கிறாள்?

இன்னொரு பயம். என் போனில் அந்த வைஃபை பெயரைத் தொட்டுப் பார்த்தேன். அவள் வைத்த பெயர்தான், "வீடு". தொட்டதும் கீழே ஒரு பட்டன் வந்தது. "மறந்துவிடு" என்று எழுதியிருந்தது. அதை அழுத்தினால் பெட்டி அவளை மறந்துவிடும் என்று நினைத்து போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன். அது யாருக்கு மறக்கும்? எனக்கா, பெட்டிக்கா, அவளுக்கா? அவள் போனிலும் அந்தப் பட்டன் இருக்கும்தானே. இந்தப் பதினோரு மாதத்தில் அவள் அதை அழுத்தவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எனக்கு என் மகள் வேண்டும். சுற்றிவளைத்து எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

உன் அத்தான்


ஆய்வுக்கூடக் குடியிருப்பு
24 மார்ச்

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் ஒரு மாதம் தாமதம். முதுகுவலி என்று எழுத நினைத்தேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

"மறந்துவிடு" அழுத்துகிற போனுக்கு மட்டும்தான் மறக்கும். உங்கள் போனில் அழுத்தினால் உங்கள் போன் பாஸ்வேர்டை மறக்கும், அவ்வளவுதான். வேறு யாரையும் அது தொடாது. அவள் அழுத்தவில்லை என்று தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

மற்றதற்கு என்னால் இவ்வளவுதான் எழுத முடியும். அலை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு மட்டும் போகாது. பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் போகும். நடுவில் ஒரு தளம் மட்டும்தான் என்றால் காங்கிரீட்டையும் கடந்துவிடும், கொஞ்சம் இளைத்துப்போகும், அவ்வளவே. நீங்கள் முப்பது வருடம் ஆட்களை மேலும் கீழும் ஏற்றி இறக்கியவர். அந்தத் திசைகளை உங்களுக்கு நானா காட்ட வேண்டும்?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

உங்கள் மச்சான்


மூன்றாம் மாடி
5 ஏப்ரல்

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் வேறு வேறு மாதிரி குழம்பினேன்.

"மேலும் கீழும்" என்றாய். மேலே என்பதை முதலில் பிடித்துக்கொண்டேன். நேற்று சனிக்கிழமை. மூன்றேகாலுக்கு ஆப்பில் வாயாடி வந்ததும் நாலாம் மாடிக்கு ஏறினேன். மேல்வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர்தான். கதவைத் திறந்தார். "சார், உங்க வீட்டுல என் பொண்ணு இருக்காளா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "உள்ள வந்து உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார், பைத்தியத்திடம் பேசுகிற குரலில். மூக்குடைந்து இறங்கி வந்தேன்.

ஹாலில் வந்து உட்கார்ந்தால் கீழே அந்த மெஷின். நாலு அடி ஓடும், நிற்கும். நாலு அடி ஓடும், நிற்கும். எரிச்சலோடு காதைப் பொத்தப் போனேன். பொத்தவில்லை. உன் அக்கா அப்படித்தான் தைப்பாள். கொஞ்சம் ஓட்டுவாள், துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள், மறுபடி ஓட்டுவாள். தையல்காரம்மா தொழில்காரி, அவள் ஒரே ஓட்டமாக ஓட்டுகிறவள். அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

நாலு மாதம் என் காலுக்கடியில் உட்கார்ந்து தைத்திருக்கிறாள், நான் ரொட்டிக்கடையில் காவல் இருந்திருக்கிறேன். நான் தானம் செய்த மெஷினைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஒரு மாடி இறங்கினேன். கதவுக்கு முன்னால் போய்ப் பெல்லில் விரலை வைத்தேன். உள்ளே அவள் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்த வீட்டை விட்டுப் போகிற அன்று அவள் முகம் இருந்த நிலை ஞாபகம் வந்தது. அழுத்தாமல் ஏறி வந்துவிட்டேன். நான் போனதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டால்?

உனக்கு முன்பே தெரியும். இல்லையா? சொல்.

உன் அத்தான்


ஆய்வுக்கூடக் குடியிருப்பு
13 ஏப்ரல்

அன்புள்ள அத்தானுக்கு,

தெரியும். திட்டுவதானால் இப்போதே திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

போன வருடத்திலிருந்தே எனக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். ஊருக்கு வெளியே ஓர் அச்சகத்தில் வேலை. நன்றாக இருக்கிறாள். உங்களிடம் சொன்னால் எழுதுவதையே நிறுத்திவிடுவேன் என்று வாக்கு வாங்கிவிட்டாள். அவளோடு இருக்கிற ஒரே தொடர்பு அந்த உறைதான், அதையும் அறுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அலை தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. உங்கள் விஷயத்தில் மட்டும் கையில் வைத்துக்கொண்டே தேடுவதாக நடித்தேன். மன்னியுங்கள்.

போன கடிதத்தில் அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அப்பா என்னைக் கண்டுபிடிச்சா பிடிபட்ட மாதிரி இருக்கும் மாமா. எனக்குப் பிடிபட வேண்டாம். அவரா கூப்பிடணும். ஒரு தடவையாவது என்னைக் கேக்கணும்." பெல்லை அழுத்தாமல் வந்தீர்களே, நல்லதாகப் போயிற்று.

பெட்டி மாற்ற வரும் நாள் நெருங்குகிறது. புதுப் பெட்டிக்கும் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் ஓர் எழுத்து பிசகாமல் வைக்கச் சொல்லுங்கள். எந்த போனுக்கும் வித்தியாசம் தெரியாது, அவளுடையதும் வழக்கம்போலச் சேரும். அல்லது விருந்தாளிகளுக்கு என்று இரண்டாவதாக ஒரு பெயரும் வைக்கலாம்.

பெயர் என்பது பெட்டி சுற்றிலும் சொல்லிக்கொண்டே இருக்கிற பெயர்ப்பலகை. பாஸ்வேர்ட் இல்லாதவர் போனிலும் அது தெரியும், தமிழிலும் வைக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்து ஓர் இடம் பிடிக்கும். நம் எழுத்து மூன்று பிடிக்கும், கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனியாக மூன்று மூன்று. இதை எதற்குச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். வாக்கு என்றால் வாக்கு.

அன்புடன்,
உங்கள் மச்சான்


மூன்றாம் மாடி
28 ஏப்ரல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன், உறையில் போடவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள் என்ற வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன்.

நேற்று கம்பெனிக்காரர் வந்தார். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டே போட்டுவிடவா என்று கேட்டார். போட்டிருந்தால் அவள் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை என் பட்டியலில் வந்து போய்க்கொண்டிருப்பாள். நான் மேலே அதைப் பார்த்துக்கொண்டே கிழவனாவேன். அது எனக்குப் போதவில்லை. விருந்தாளி என்று தனியாக வைக்கவா என்றார். என் மகளுக்கு எதற்கய்யா விருந்தாளி வழி? வேண்டாம் என்றேன். "வீடு" என்ற பெயரை எடுக்கச் சொன்னேன். இனி அவள் போனுக்கு இந்த வீடு தெரியாது, பட்டியலிலும் வாயாடி வரமாட்டாள். அவளாக போனை எடுத்து, சுற்றி என்னென்ன பெயர் தெரிகிறது என்று பார்த்தால்தான் உண்டு.

முதலில் "மன்னிச்சிரு" என்று போடச் சொன்னேன். பெட்டி ஏற்கவில்லை. கம்பெனிக்காரர் எண்ணிப் பார்த்து, "முப்பத்திமூணு வருது சார், ஒண்ணே ஒண்ணு ஜாஸ்தி" என்றார். புள்ளியை எடுத்தால் ஏறும், ஆனால் "மனனிச்சிரு" என்று இருக்கும். கெஞ்சுவதையாவது பிழையில்லாமல் கெஞ்ச வேண்டாமா? ஆறு பேர் லிஃப்ட்டில் ஏழாவது ஆள் ஏறினால் கத்தவைப்பதையே முப்பது வருடம் செய்தேன், என் முறை வந்ததும் அந்த வார்த்தையே ஓவர்லோடு.

கடைசியில் "மேலே வா" என்று வைத்தேன். பத்தொன்பதுதான், இடம் மிச்சம் இருந்தது. பாஸ்வேர்டும் புதிதாக வேண்டுமாம். ஆங்கில எழுத்து, எட்டுக்குக் குறையக் கூடாது. அதற்கு நிறைய இடம் இருந்தது. என்ன வைத்தேன் என்று உனக்குக்கூடச் சொல்லமாட்டேன். கேட்க வேண்டியவள் கேட்டால் சொல்வேன்.

உன் அக்காவின் மெஷினை நான் ஏன் கொடுத்தேன் தெரியுமா? அதில் பாதி தைத்த துணி அப்படியே ஊசிக்கடியில் நின்றது. என்னால் அந்த அறைக்குள் போக முடியவில்லை. அதை அவளிடம் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். கத்திவிட்டேன்.

உன் அத்தான்


மூன்றாம் மாடி
3 மே

மாப்பிள்ளைக்கு,

நேற்று சனிக்கிழமை. மூன்றிலிருந்து ஆறு வரை கீழே மெஷின் ஓடி ஓடி நின்றது. பட்டியலில் என் போனும் டிவியும்தான். கதவைத் திறந்தே வைத்திருந்தேன். வரவில்லை. பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறதா? பெயர் கீழே வரை போகிறதா, இல்லை அது தன்னிடமே சொல்லிக்கொள்கிறதா? "வீடு" என்ற பெயரை எடுத்தது தப்போ? திருப்பிப் போட்டுவிடவா?

உன் அத்தான்


ஆய்வுக்கூடக் குடியிருப்பு
9 மே

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன், தெரிகிறது. பெயர் போகும். நொடிக்குப் பத்து தடவை பெட்டி அதைச் சொல்லிக்கொண்டிருக்கும், அலுக்காது. எதையும் தொடாதீர்கள். நான் அவளுக்கு ஒன்றும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவளாகவே பார்க்கட்டும்.

உங்கள் மச்சான்


மூன்றாம் மாடி
17 மே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம், நலம், நலம். முழங்கால்கூட நலம். உன் முதுகும் நலமாகட்டும்.

நேற்று நாலு மணி இருக்கும். கீழே மெஷின் நடுவில் நின்றது. திரும்ப ஓடவில்லை. லிஃப்ட் இரண்டாம் மாடிக்குக் கூப்பிடப்பட்டு நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது, மூடியது. ஒரே ஒரு மாடிக்கு லிஃப்ட்டில் ஏறுகிற சோம்பேறி இந்தக் கட்டடத்தில் ஒருத்திதான் இருந்தாள். "எங்கப்பா லிஃப்ட்டு, நான் ஏறுவேன்" என்பாள். எழுந்து நிற்க முயன்றேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டாள். இளைத்திருக்கிறாள். முடியை வெட்டியிருக்கிறாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

"இதைத் தொட்டா பாஸ்வேர்ட் கேக்குது."

"மன்னிச்சிரு" என்றேன்.

"எதுக்குப்பா? பாஸ்வேர்டத்தான கேட்டேன்."

"அதான்மா பாஸ்வேர்டு."

போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "இங்கிலீஷ்ல எத்தனை 'N' போடணும்?" என்றாள். ரெண்டு என்றேன். அடித்துப் பார்த்துவிட்டுச் சேரவில்லை என்றாள். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன். அதற்கும் சேரவில்லையாம். மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் சேர்ந்தது. உன் அக்கா மெஷினில் தைக்காமல் விட்டுப்போன அந்தத் துணியை அவள்தான் முடித்துக்கொண்டிருக்கிறாளாம். தையல்காரம்மா பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறாள். நான் ஏன் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் அழுதோம், அப்புறம் சாப்பிட்டோம். "மெஷினை மேலே கொண்டுவரலாமா? உன்னைத்தான் கேக்கிறேன்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்கட்டும்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. புதுப் பெட்டி, ஹாலிலேயே நிற்கிறாள், நாலு கோடும் இருக்கிறது. சரியான பாஸ்வேர்டை மூன்று தடவை ஏன் கேட்டது? பெட்டியில் ஏதாவது கோளாறா? கம்பெனிக்காரரைக் கூப்பிடவா?

உன் அத்தான்


மாமா,

அப்பா இந்த உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். ஒட்டுவதற்கு முன் இந்தத் துண்டையும் செருகுகிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள், வாக்கைக் காப்பாற்றுகிறவர்களுக்கு முதுகுவலி வராது.

மே இரண்டாம் தேதியே அந்தப் பெயரைப் பார்த்துவிட்டேன். "வீடு" காணோமே என்று தேடியபோது கண்ணில் பட்டது. முதலில் ஏதோ லிஃப்ட் கம்பெனி விளம்பரம் என்று நினைத்தேன். அப்புறம் யாருக்கு, எனக்கா, என்று குழம்பினேன். இரண்டு வாரம் தூக்கம் இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை, நேற்றுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கம்பெனிக்காரரைக் கூப்பிட வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். காரணம் எதையாவது நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள், ஃப்ரிட்ஜ் மேலே பழியைப் போட்டாலும் சரி. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை மாமா. முதல் தடவையே சேர்ந்துவிட்டது.

வாயாடி